மரக்கப்பல் மாதிரி அமைத்தல்

மரக்கலமொன்றை அதன் பிரமாணம் வழுவாமல் சிற்றளவில் சமைத்து, பாயும் கயிறும் பூட்டி நிறுத்தும் கைவினை. ஏரா எனும் அடிமரத்தின்மேல் வங்குகளை (விலாச்சட்டங்களை) நிறுத்தி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்த மெல்லிய பலகைகளை அவற்றின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டி உடலை முடித்தபின், பாய்மரத்தை அசையாது தாங்கும் கயிறுகளை முதலிலும், பாயையும் அதைத் தாங்கும் குறுக்குமரமான பருமலையும் இயக்கும் ஆஞ்சான் முதலியவற்றைப் பிறகும் கட்டுவது கிரமம். நூலைத் தேன்மெழுகில் இழுத்து உருவினாலன்றி அதன் பிசிறு அடங்காது. பிசிறு நிற்கும் நூல் எத்துணைச் சிரத்தையுடன் கட்டினும் கப்பற்கயிறாகத் தோன்றாது.

தமிழர் கலங்களுள் மாதிரிக்கு மிக உகந்தது, வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பெற்று, தமிழ் மாலுமிகளுடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த இரட்டைப் பாய்மர ‘அன்னபூரணி’. ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள அக்கப்பல், 48-இல் ஒரு பங்காகக் குறைக்குங்கால் 22 அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்டு மேசையில் அடங்கிவிடும்.

கடற்கரையில்லாத சேலம்–நாமக்கல் சமவெளியிலும் இக்கைவினைக்கு வேண்டிய உளிப்பயிற்சிக்குக் குறைவில்லை. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் சிற்பிகளின் வேலை புவிசார் குறியீடு பெற்றது. சிற்பி மரத்தைக் குறைத்துச் செல்கிறார், கலம் சமைப்பவர் கூட்டிச் செல்கிறார். ஆயினும் மரத்தின் இழையோட்டம் அறிந்து உளி வைக்கும் பழக்கம் இருவருக்கும் ஒன்றே. கலம் சமைக்கத் தொடங்குபவர் முதல் முயற்சிக்கு ஒற்றைப் பாய்மரத் தோணியை எடுத்துக்கொள்வது நன்று.