"எழும்பாதைங்கோ, படுங்கோ": கட்டிலை விட்டு இறங்கிய கதை

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா போன வருசம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் தோடம்பழத்தையும் பிஸ்கட் பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "எழும்பாதைங்கோ அம்மா, ஆறுதலாப் படுங்கோ." அன்பாலதான் சொன்னார்கள். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது, மற்றதெல்லாமும் கட்டிலிலேயே நடந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் எலும்பு பொருந்தி வருகுது, ஆள் எழும்ப ஏலாமல் கிடக்கிறா. முறியாத காலும் சேர்ந்து மெலிஞ்சு போயிருந்தது.

பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மம்மாவோடு கோபப்படவில்லை. கட்டிலைப் பார்த்துத்தான் கோபப்பட்டா. "இவ்வளவு நாளும் ஏன் படுக்க வைச்சிருந்தீங்கள்?" எண்டு கேட்டா. எங்களிடம் பதில் இல்லை. விழுந்தவரைப் படுக்க வைப்பதுதான் வைத்தியம் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

படுக்க வைப்பது ஒரு காலத்தில் மூடத்தனமாக இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேணும். உள்ளே ஆணி வைத்துப் பொருத்தத் தெரியாத காலத்தில் முறிந்த எலும்பை அசையாமல் வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் ஹில்டன் ஓய்வைப் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863இல் புத்தகமாக வந்தன. உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும், அதற்கு ஓய்வைக் கொடுங்கள் என்பதுதான் சாரம். தலைமுறை தலைமுறையாக வைத்தியர்கள் அதைப் படித்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த கிழவி ஒருத்திக்கு அதன் அர்த்தம், காலில் பாரம் கட்டி இழுத்தபடி மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பது. கன பேர் முறிவால் சாகவில்லை. கிடந்த கிடையில் நியூமோனியாவாலும் படுக்கைப் புண்ணாலும் செத்தார்கள். 1920களின் நடுப்பகுதியில் பொஸ்டன் நகரத்தில் ஸ்மித்-பீற்றர்சன் என்ற வைத்தியர் மூன்று விளிம்புள்ள உலோக ஆணி ஒன்றைக் கொண்டுவந்தார், 1931இல் அதைப் பற்றி எழுதினார். இனி எலும்பை ஆணி பிடித்துக்கொள்ளும், ஆள் எழும்பி இருக்கலாம். ஆனால் ஆணி வந்த வேகத்தில் பழக்கம் போகவில்லை.

எழுப்பி நடக்க வைக்கிற வேலையை யார் செய்தது? பெரும்பாலும் பெண்கள். அதுவும் வைத்தியர்களாக இல்லாத பெண்கள்.

1894இல் லண்டனில் 'மசாஜ்' என்ற சொல்லே ஊர்வாயில் நாறிப்போயிருந்தது. மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபச்சாரம் நடக்கிறது என்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையே எழுதியது. அந்த நேரத்தில்தான் தாதிமாரும் மருத்துவிச்சிகளுமான நான்கு பெண்கள் — லூசி ரொபின்சன், ரோசலிண்ட் பஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் — தங்கள் தொழிலைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பரீட்சை வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வைத்தியர் சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது, பொதுவாக ஆண்களுக்கு மசாஜ் செய்யக்கூடாது என்று விதி போட்டார்கள். 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1944இல் பெயர் மாறி இன்றைய பிசியோதெரபி சங்கம் ஆனது. இதில் எங்களுக்கு ஒரு நெருடலும் உண்டு. மரியாதையைச் சம்பாதிக்க அவர்கள் கொடுத்த விலை வைத்தியருக்குக் கீழே நிற்பது. 'நல்ல' பெண்கள், 'கெட்ட' பெண்கள் என்று கோடு கீறித்தான் அந்தத் தொழிலே எழும்பியது.

மற்றத் தொழில், ஒக்குபேஷனல் தெரபி, அத்திலாந்திக்குக்கு அந்தப் பக்கம் தொடங்கியது. தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்கிறோம். வேலை எடுத்துத் தருகிற திட்டமோ என்று யோசிக்க வைக்கிற பெயர்! இங்கே 'தொழில்' என்றால் ஒரு ஆள் நாளாந்தம் செய்கிற எல்லாமே: குளிக்கிறது, சட்டை போடுறது, தேத்தண்ணி ஊத்துறது. ஜோர்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். காசநோய், கால்விரல்கள் வெட்டப்பட்டது, பிறகு இடதுபக்கம் இயங்காமல் போனது என்று அடுக்கடுக்காக அனுபவித்தவர். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தன்னை மீட்டுக்கொண்டார். 1917 மார்ச்சில், நியூயோர்க் மாநிலத்தில் கிளிஃப்ரன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டில் ஆறு பேர் கூடி இந்தத் தொழிலுக்கான முதல் சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா போருக்குள் இறங்கியது. காயப்பட்ட படையினரை மீட்க இளம்பெண்களைத் திரட்டினார்கள். சிலர் உடற்பயிற்சி கொடுத்தார்கள், சிலர் கூடை பின்னவும் மரம் செதுக்கவும் பழக்கினார்கள். இராணுவ ஆஸ்பத்திரியில் வேலை, ஆனால் இராணுவப் பதவிநிலை எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

போர்தான் இந்த அறிவை வளர்த்தது. எங்கட பக்கமும் அப்பிடித்தான், யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது 1987இல். இளம் உடம்புகளை மீட்பதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். வேலைக்குப் போகவேணும், குடும்பம் பார்க்கவேணும். எழுபது வயதுக் கிழவிக்கு அவ்வளவு மினக்கெட வேணுமா? இந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று சொன்ன ஒருவரைப் பற்றித்தான் நாங்கள் முக்கியமாக எழுத நினைத்தது.

மார்ஜரி வொரன் 1897இல் பிறந்தவர். லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்து, 1926இல் நகரின் மேற்கு ஓரத்தில் ஐல்வர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பழைய ஏழைகள் சட்டத்தின் கீழ் நடந்த ஒரு விடுதி இருந்தது. போக்கிடம் இல்லாதவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். 1929ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியான விடுதிகளை மாவட்டச் சபைகளிடம் கையளித்தது. 1935இல் இந்த விடுதியும் ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்பட, 714 கட்டில்கள் வொரனின் பொறுப்பில் வந்தன.

அந்தக் கட்டில்களில் கிடந்தவர்கள் யார்? பக்கவாதம் வந்தவர்கள், விழுந்து முறிந்தவர்கள், மூட்டுவாதக்காரர், சித்தம் கலங்கியவர்கள், சும்மா வயது போனவர்கள். எல்லாரும் கலந்து கிடந்தார்கள். 'நாட்பட்ட நோயாளர்' என்ற ஒற்றைப் பெயர்தான் எல்லாருக்கும். பலருக்கு என்ன வருத்தம் என்று ஒழுங்காக யாரும் பார்த்ததே இல்லை. வொரன் செய்த முதல் வேலை ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. வாசிக்கும்போது இது ஒரு பெரிய விசயமாகவே தெரியாது. ஆனால் இந்த ஆள் ஏன் படுத்திருக்கிறார் என்ற கேள்வியை அந்த இடத்தில் அதுவரை யாரும் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது, கனபேர் படுத்திருந்ததற்குக் காரணம் அவர்களைப் படுக்க வைத்திருந்ததுதான்.

பிறகு வாட்டை மாற்றினார். இருண்ட சுவருக்கு வெளிர் நிறம் அடிக்கப்பட்டது. நல்ல வெளிச்சம், உயரத்தை மாற்றக்கூடிய கட்டில்கள், சுவரோடு கைபிடிகள், முதுகுக்கும் காலுக்கும் ஏற்ற கதிரைகள் வந்தன. கால் வழுக்காத சரியான சப்பாத்தையும் அவர் விடவில்லை! தாதி, பிசியோதெரபிஸ்ட், ஒக்குபேஷனல் தெரபிஸ்ட், சமூக சேவையாளர் எல்லாரையும் ஒரே நோயாளியைச் சுற்றிச் சேர்ந்து வேலை செய்ய வைத்தார். ஒருவர் காலைப் பலப்படுத்த, இன்னொருவர் அந்தக் காலோடு மலசலகூடம்வரை போய்வரப் பழக்க, மூன்றாமவர் அந்த ஆள் திரும்பிப் போக வீடு இருக்கிறதா என்று பார்த்தார்.

714 கட்டில்கள் 240 ஆகக் குறைந்தன. நோயாளர் வந்துபோகும் வேகம் மூன்று மடங்கானது. மிஞ்சிய கட்டில்களைக் காசநோயாளரைப் பார்க்கிற வைத்தியர்களுக்குக் கொடுத்தார். சும்மா வயது போச்சு என்று எழுதி விடப்பட்டவர்களில் எத்தனையோ பேர் எழும்பி நடந்து வெளியே போனார்கள். 1943இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலும் 1946இல் 'லான்செட்'டிலும் இதை எழுதினார். முதியவர்களையும் பொது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கவேணும், மாணவர்களும் அங்கே படிக்கவேணும் என்று வாதாடினார். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்துதான் பிரித்தானியாவில் வேர் பிடித்தது. அதிகாரிகளை அசைத்தது கருணையா, கட்டில் மிச்சப்பட்ட கணக்கா? எங்களுக்கு என்னவோ இரண்டாவதுதான் கூடுதலாக வேலை செய்திருக்கும் என்று படுகிறது. வொரன் 1960இல் ஒரு கார் விபத்துக்குப் பிறகு இறந்துபோனார்.

கட்டிலுக்கு எதிரான மிகக் காரமான கட்டுரையை எழுதியவர் இன்னொருவர். ரிச்சர்ட் ஆஷர், 1947 டிசம்பர், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை. (பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு: போல் மக்கார்ட்னி சில வருசம் குடியிருந்தது இவருடைய வீட்டில்தான். நடிகை ஜேன் ஆஷரின் தகப்பன்.) படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் என்று தலைப்பு வைத்து, உடம்பின் ஒவ்வொரு பகுதியாக எடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். நுரையீரலில் சளி தேங்கும், கால் நரம்பில் இரத்தம் உறையும், தோல் புண்ணாகும், தசை கரையும், எலும்பில் இருந்து கல்சியம் போகும், மலம் இறுகும், கடைசியில் மனமும் எழும்ப மறுக்கும். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். இன்றைக்கு பிரித்தானிய வழிகாட்டல்களில் இடுப்பெலும்பு ஒப்பரேசன் செய்தவரை அடுத்த நாளே எழுப்ப வேணும் என்று இருக்கிறது.

ஆனால் தசை திரும்பி வந்தாலும் விழுந்தவர் நடக்காமல் இருக்கிறதுக்கு இன்னொரு காரணம் உண்டு. அதற்குப் பெயர் கிடைக்க 1982 ஆனது. மர்பியும் பேர்னார்ட் ஐசக்ஸும் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 36 முதியவர்களைக் கவனித்தார்கள். பலர் எழும்பி நின்ற உடனே கைக்கு எட்டுகிற எதையாவது இறுக்கிப் பிடித்தார்கள், ஆதாரம் இல்லாமல் அடி எடுத்து வைக்க மறுத்தார்கள். விழுந்ததற்குப் பிந்திய நோய்க்குறி என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். 1986இல் ஐசக்ஸும் சகாக்களும் ஒரு எளிய சோதனையைக் கொண்டுவந்தார்கள்: கதிரையில் இருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேணும். 1991இல் மொன்றியலில் அதற்கு நேரம் பிடிக்கத் தொடங்கினார்கள். வேறு உபகரணம் தேவையில்லை. ஒரு கதிரை, ஒரு மணிக்கூடு.

எங்கட நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டின்படியே நூறு பேரில் 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், அம்மாமார் தனி வீட்டில். ஒப்பரேசனுக்குக் காசு வரும். அதுக்குப் பிறகு மூன்று மாதம் நாளுக்கு இரண்டு தரம் பக்கத்தில் நின்று நடத்திக்காட்டுகிற ஆளை அனுப்ப ஏலாது. ஒப்பரேசனைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பிசியோ என்றால் "கால் பிடிச்சு விடுற மிஸ்". 1894இல் ஒட்டிய சேறு இன்னும் முழுசாகக் காயவில்லை போல.

அம்மம்மாவிடம் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் செய்வித்தது, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இருக்கிறது மட்டும். அதுக்கே தலை சுத்தினது. பிறகு நிற்கிறது, பிறகு வோக்கரோடு நாலு அடி. ஊன்றுகோலுக்கு வந்தபோது அதை முறிந்த காலின் பக்கம் பிடிக்கக் கூடாது, மற்றப் பக்கம்தான் பிடிக்க வேணும் என்று எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். இதை அம்மம்மா கந்தசஷ்டி கவசம் மாதிரி வாய்க்குள்ள சொல்லிக்கொண்டே நடந்தா.

ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரே ஒரு நாள்தான் வந்தா. காலைப் பார்க்கவில்லை, வீட்டைச் சுற்றிப் பார்த்தா. மலசலகூடச் சுவரில் கைபிடி பூட்டச் சொன்னா, பதிவான கதிரையை மாற்றச் சொன்னா, வாசலில் போட்டிருந்த சாக்கை எடுத்து எறிஞ்சா. பிறகு பக்கத்தில் இருந்து, "விழ முதல் விடிய எழும்பி என்ன செய்வீங்கள் அம்மா?" எண்டு கேட்டா. செவ்வரத்தம்பூ பிடுங்கி சாமிப் படத்துக்கு வைக்கிறது எண்டு அம்மம்மா சொன்னா. கட்டிலில் இருந்து அந்த மரத்துக்கு எத்தனை அடி எண்டு எண்ணிப் பார்க்கச் சொல்லிப்போட்டுப் போனா. இருபத்தாறு அடி. அதைத்தான் கிழமைக்கு நாலு அடியாகக் கூட்டிக்கொண்டு போனோம்.

இப்ப பூ அவவே பிடுங்குறா. கிணற்றடிப் பக்கம் மட்டும் இன்னும் போறதில்லை. பாசி எல்லாம் சுரண்டித் துப்புரவாக்கிக் கயிறும் கட்டிவிட்டிருக்கிறோம், கேட்டால் "நாளைக்குப் பார்ப்பம் பிள்ளை" என்கிறா.