துறந்ததைத் திரும்பப் பெற்ற தரவுத்தளம்: ஆவண முறை வளர்ந்த வரலாறு

வலைத்தள நிரலாக்கம் பயிலத் தொடங்கும் பலருக்கு மோங்கோடிபிதான் முதல் தரவுத்தளமாக அறிமுகமாகிறது. அட்டவணை வரைய வேண்டாம். நெடுவரிசைகளின் பெயரையும் வகையையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கையில் இருப்பதை இருக்கும் வடிவிலேயே ஓர் ஆவணமாகச் சேமிக்கலாம். இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு நிலைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டுப்பாடுகளை ஆவணத் தரவுத்தளம் பத்தே ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதே இதன் வாதம்.

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை, தரவை உறவு அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறைக்கு அடித்தளமிட்டது. ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பது அம்முறை வளர்த்த ஒழுக்கம். ஒரு வாடிக்கையாளரின் முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். வங்கிக்கும் சம்பளப் பட்டியலுக்கும் இது மிகப் பொருந்தியது.

ஆவண முறையின் வரலாற்றை மோங்கோடிபி வெளியான 2009இலிருந்து தொடங்குவதே வழக்கம். அது பாதி உண்மைதான். ரே ஓஸி தலைமையில் உருவாகி 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், ஒவ்வொரு குறிப்பையும் தனக்கே உரிய புலங்களுடன் ஓர் ஆவணமாகச் சேமித்தது. அவற்றைக் கணினிகளுக்கிடையே நகலெடுத்து ஒத்திசைத்தது. அந்த மென்பொருளில் பணியாற்றிய டேமியன் கட்ஸ், 2005இல் கவுச்டிபியைத் தொடங்கினார். 2008இல் அது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வந்தது. ஆக, அலுவலக மென்பொருள் ஒன்றின் வாரிசாகத்தான் ஆவணத் தரவுத்தளம் வலைக்குள் நுழைந்தது.

வலையின் பக்கமிருந்து வந்த உந்துதல் ஜேசன். டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய இந்த எளிய தரவு வடிவம் 2006இல் இணைய நெறிமுறை ஆவணமாகப் பதிவானது. நியூயார்க்கில் டபுள்கிளிக் நிறுவனத்தாரில் சிலர் 2007இல் தொடங்கிய டென்ஜென் நிறுவனம், முதலில் முழு மேகக் கணினித் தளமொன்றைக் கட்ட முயன்றது. அதில் தரவுத்தளத்தை மட்டும் தனியே எடுத்து, 2009இல் மோங்கோடிபி என்று திறந்த மூலமாக வெளியிட்டது. அதே ஆண்டு ரயன் டால், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார். உலாவியிலும் சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்ட், சேமிப்பில் ஜேசனை ஒத்த பிசன் என்று ஒரே வடிவம் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடியது. பெருந்தரவைப் பல கணினிகளில் பரப்பும் ஆற்றலே மோங்கோடிபியின் வெற்றிக்குக் காரணம் என்பார்கள். ஆனால் இதைத் தேர்ந்தெடுத்த தளங்களில் பெரும்பாலானவை ஒரே கணினியில் அடங்கக்கூடியவை. வடிவம் மாற்றும் வேலை மிச்சமானதே அவற்றுக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம் என்பது என் கணிப்பு.

ஒரு புத்தக ஆர்டரை எடுத்துக்கொள்வோம். உறவு முறையில் வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரின் வரிகள் என மூன்று அட்டவணைகளாவது வேண்டும். பக்கத்தைக் காட்டும்போது மூன்றையும் இணைக்க வேண்டும். ஆவண முறையில் பெயர், முகவரி, வாங்கிய நூல்கள், அவற்றின் விலை எல்லாம் ஒரே ஆவணத்துக்குள் அடங்கும். ஒரே வாசிப்பில் கைக்கு வரும். விற்ற நாளின் விலை அப்படியே உறைந்து நிற்பதும் இங்கே வசதிதான். சேமிப்பதற்கு முன் எதையும் உருவாக்கத் தேவையில்லை. முதல் ஆவணத்தைச் செருகியதுமே தரவுத்தளமும், ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பும் தாமாக உருவாகும்.

இடரும் அங்கேயே தொடங்குகிறது. ஓர் ஆவணத்தில் விலை 250 என்ற எண்ணாகவும், இன்னொன்றில் மேற்கோள் குறிக்குள் 250 என்ற எழுத்துச் சரமாகவும் நுழைந்தால் மோங்கோடிபி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். 200க்கு மேல் விலையுள்ள நூல்களைக் கேட்டால் முதலாவது மட்டும் வரும்; இரண்டாவது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விடுபடும். தொகுப்பின் பெயரில் ஓரெழுத்து பிசகினால் புதிதாக இன்னொரு தொகுப்பு முளைத்துவிடும். அமைப்பு வரையறை இல்லாமல் போய்விடவில்லை. அது தரவுத்தளத்திலிருந்து நிரலரின் தலைக்குள் குடிபெயர்ந்தது, அவ்வளவே. அதை நிரலுக்குள் எழுதி வைக்க மங்கூஸ் போன்ற நூலகங்கள் விரைவிலேயே தோன்றியதில் வியப்பில்லை.

திரும்பப் பெறுதல் பல முனைகளில் நடந்தது. தொடக்கத்தில் எழுதும் கட்டளையை அனுப்பியதும், சர்வர் ஏற்றுக்கொண்டதா என்று பார்க்காமலேயே நிரல் மேலே சென்றுவிடும். வேகச் சோதனைகளில் கிடைத்த பெருமைக்கு இதுவும் ஒரு காரணம். 2012 இறுதியில்தான் ஒப்புதலுக்குக் காத்திருப்பது இயல்புநிலையானது. 2015இன் 3.2 பதிப்பு ஆவணச் சரிபார்ப்பையும், தொகுப்புகளை இணைத்து வாசிக்கும் வசதியையும் கொண்டுவந்தது. 2018இன் 4.0 பதிப்பு பல ஆவணங்களை ஒரே டிரான்சாக்‌ஷனில் மாற்ற வழிசெய்தது. பாதுகாப்பில் கிடைத்த பாடம் கசப்பானது: கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி சர்வர்களை 2017 தொடக்கத்தில் கொள்ளையர்கள் அழித்துவிட்டுப் பிட்காயினில் பணயத்தொகை கேட்டார்கள். அவ்வாண்டின் 3.6 பதிப்பு முதல், நிறுவியவுடன் உள்ளூர்க் கணினியின் இணைப்புகளை மட்டுமே மோங்கோடிபி ஏற்கிறது.

எதிர்த்தரப்பான உறவுத் தரவுத்தளங்களும் சும்மா இருக்கவில்லை. போஸ்ட்கிரஸ் 2012இல் ஜேசன் வகையையும், 2014இல் விரைந்து தேடக்கூடிய ஜேசன்பியையும் சேர்த்தது. மைஎஸ்க்யூஎல் 2015இல் பின்தொடர்ந்தது. மோங்கோடிபியைப் பயன்படுத்தி வந்த பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், 2018இல் தன் கட்டுரைச் சேமிப்பைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்றிய விவரத்தை வெளிப்படையாகவே எழுதியது. கட்டுரைகள் அங்கும் ஜேசன் ஆவணங்களாகவே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

புதிதாகத் தொடங்குபவர் இந்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை வாழ்ந்து பார்க்கத் தேவையில்லை. தளத்தின் ஒவ்வொரு பக்கமும் எதையெதை ஒன்றாக வாசிக்கும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். ஒன்றாக வாசிப்பதை ஒரே ஆவணத்தில் வையுங்கள். எல்லையின்றி வளரக்கூடிய பட்டியலைத் தனித் தொகுப்பாக்குங்கள், ஏனெனில் ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 மெகாபைட்தான். கடவுச்சொல்லையும் சரிபார்ப்பு விதிகளையும் முதல் ஆவணத்தைச் செருகுவதற்கு முன்பே அமைத்துவிடுங்கள்.