பனிச்சறுக்குப் பயிற்சிக்கும் குடும்பப் பனிமலைப் பயணத்துக்கும் செல்லும் மாணவர்கள்: உடல்நல வழிகாட்டி

கண்ணோட்டம்

புதுச்சேரி கடல் மட்டத்தில் அமைந்த ஊர். இங்கு சனவரி மாத அதிகாலையிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. இத்தகைய தட்பவெப்பத்தில் வளர்ந்த மாணவர் ஒருவர் இரண்டே நாள்களில் உறைநிலைக்குக் கீழான குளிரிலும் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் கடும் உடற்பயிற்சியில் ஈடுபடும்போது, அவரது உடல் ஒரே வேளையில் மூன்று சுமைகளைத் தாங்க வேண்டியுள்ளது. அவை குளிர், உயிர்வளிக் குறைவு, உழைப்பு ஆகியனவாகும்.

அரையாண்டு விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் வட இந்தியப் பனிமலைகளுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் வாழும் உறவினரிடம் குளிர்காலத்தில் செல்வதும் உண்டு. இவ்விரு பயணங்களுக்கும் தேவையான உடல்நலத் தகவல்களை இப்பக்கம் தொகுத்துத் தருகிறது.

கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்றால் என்ன?

மலைச்சரிவில் கீழ்நோக்கிச் சறுக்குவதிலிருந்து இது வேறுபட்டது. சமநிலத்திலும் மென்மையான ஏற்ற இறக்கங்களிலும், மெல்லிய நீண்ட சறுக்குப் பலகைகளையும் இரு கோல்களையும் கொண்டு, சொந்த உடல் வலிமையால் முன்னேறிச் செல்வதே நெடுந்தூரப் பனிச்சறுக்கு. காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையுடன் பிணைக்கப்படும், குதிகால் மேலெழும்பும். கை, கால், முதுகு, வயிறு ஆகியவற்றின் தசைகள் அனைத்தும் ஒருங்கே இயங்குவதால், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிகுந்த உழைப்பைத் தரும் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்றாகும்.

பனி விழாத தென்னாட்டிலிருந்தும் இவ்விளையாட்டில் சிறக்க இயலும். கருநாடக மாநிலம் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா இவ்விளையாட்டில் இந்தியாவின் சார்பில் பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்று வருகிறார். பிரான்சில் பள்ளி வகுப்பையே பனிமலைக்கு அழைத்துச் செல்லும் 'பனி வகுப்பு' முறை 1953இல் பாரிசை அடுத்த வான்வ் நகரில், மருத்துவர் மாக்ஸ் ஃபூரெஸ்தியேயின் முயற்சியால் தொடங்கியது. மாணவரின் உடல்நலத்தை முன்னிறுத்தியே அவர் இதனை வலியுறுத்தினார். முறையான ஆயத்தத்துடன் மேற்கொள்ளப்படும் பனிமலைப் பயிற்சி உடலுக்கு நன்மை தருவதே. ஆயத்தமின்மையே இடர் தருகிறது.

செல்லுமிடத்தின் உயரத்தை அறிதல்

பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் அறிய வேண்டியது, இரவு தங்கும் இடத்தின் உயரமாகும்.

• குல்மார்க் (சம்மு காசுமீர்): ஏறத்தாழ 2,650 மீட்டர். இங்குள்ள கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டு செல்கிறது.
• ஔலி (உத்தராகண்ட்): ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் வரை.
• மணாலி (இமாச்சலப் பிரதேசம்): ஏறத்தாழ 2,050 மீட்டர். பயிற்சி நடைபெறும் சோலாங் பள்ளத்தாக்கு இதைவிட உயரமானது.
• லே (லடாக்கு): ஏறத்தாழ 3,500 மீட்டர்.
• ழுரா மலைப்பகுதி (பிரான்சு): நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தடங்களுள் பெரும்பாலானவை 900 முதல் 1,400 மீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளன.

ழுராவில் உயரத்தால் வரும் நோய்க்கு இடமில்லை. ஆனால் குளிர் கடுமையானது. குல்மார்க், ஔலி போன்ற இடங்களில் குளிரும் உயரமும் சேர்ந்தே தாக்கும். எனவே பிரான்சில் சறுக்கிப் பழகிய பிள்ளைக்கு இமயமலையிலும் இடரில்லை என்று கருதிவிடக் கூடாது.

உயர்மலை நோய்

2,500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. உடல் இதற்குப் பழகச் சில நாள்கள் தேவை. விரைந்து ஏறுவோருக்கு, பெரும்பாலும் ஏறிய 6 முதல் 12 மணி நேரத்துக்குள், தலைவலி தோன்றும். அதனுடன் குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அசதி, உறக்கக் குறைவு ஆகியவை சேரலாம். சிறு குழந்தைகள் இவற்றைச் சொல்லத் தெரியாமல் காரணமின்றி அழுவர், உணவை மறுப்பர், விளையாட்டில் நாட்டமிழப்பர்.

இந்நோயைப் பற்றிய முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நிகழ்ந்தது. இமயமலையில் பணியமர்த்தப்பட்ட 1,925 இந்தியப் படைவீரர்களிடம் கண்ட நோய்க்குறிகளை இந்திய இராணுவ மருத்துவர்கள் 1969இல் வெளியிட்டனர். உடல் உறுதி மிக்க வீரர்களையும் இந்நோய் தாக்கியது. ஆகவே, நன்றாக ஓடக்கூடிய மாணவருக்கு உயர்மலை நோய் வராது என்னும் எண்ணம் தவறானது.

அபாய அறிகுறிகள்:

• ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், விடாத இருமல், நுரை கலந்த சளி, உதடு நீலமாதல். இவை நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டும்.
• நேர்கோட்டில் நடக்க இயலாமை, குழப்பமான பேச்சு, எழுப்ப இயலாத உறக்கம். இவை மூளை வீக்கத்தைக் காட்டும்.

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே கீழே இறங்க வேண்டும். விடியும்வரை காத்திருத்தல் கூடாது. உயிர்வளி உருளை இருந்தால் பயன்படுத்தலாம். ஆயினும் அது கீழே இறங்குவதற்கு மாற்றாகாது.

தடுக்கும் முறைகள்:

• முதல் இரவை இடைப்பட்ட உயரத்தில் கழித்தல் நன்று. குல்மார்க் செல்வோர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரமுள்ள சிறிநகரிலும், ஔலி செல்வோர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரமுள்ள சோசிமடத்திலும் ஓர் இரவேனும் தங்கலாம்.
• முதல் நாளில் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.
• 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.
• தலைவலி இருக்கும்போது மேலும் உயரே செல்லக் கூடாது.
• அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

குளிரால் ஏற்படும் பாதிப்புகள்

உடல்வெப்பக் குறைவு: உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது இந்நிலை. தொடக்கத்தில் கடும் நடுக்கம், கைவிரல் தடுமாற்றம், குழறிய பேச்சு ஆகியன காணப்படும். நடுங்கிக்கொண்டிருந்தவர் வெப்பமூட்டப்படாமலேயே நடுக்கம் நின்று சோர்ந்தால், அது நலம் பெற்றதற்கு அறிகுறியன்று. நிலை மோசமாகிவிட்டதற்கே அறிகுறி. அவரைக் காற்றுப்படாத இடத்துக்கு மெதுவாகக் கொண்டு சென்று, ஈர உடைகளை அகற்றி, உலர்ந்த கம்பளியால் தலை உட்பட மூட வேண்டும். தரைக்கும் உடலுக்கும் இடையே தடித்த விரிப்பு வேண்டும். நினைவுடன் விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்புச் சேர்த்த வெதுவெதுப்பான பானம் தரலாம். கைகால்களைத் தேய்த்துவிடக் கூடாது.

பனிக்கடி: விரல்கள், மூக்கு நுனி, காது மடல், கன்னம் ஆகியவற்றின் திசு உறைந்துபோதல். நிறம் மங்கலாம், தோல் மெழுகு போல் ஆகும், உணர்வு மறையும். வலி நின்றுவிட்டதே என்று பயிற்சியைத் தொடர்வது விரலையே இழக்கச் செய்யலாம். அவ்விடத்தைத் தைலமிட்டுத் தேய்த்தலும், பனியால் தேய்த்தலும், நெருப்பருகே காட்டுதலும் தீங்கு விளைவிக்கும். மீண்டும் உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டும், 37 முதல் 39 டிகிரி வெப்பமுள்ள நீரில் தோல் மென்மையாகும்வரை, ஏறத்தாழ அரை மணி நேரம் அமிழ்த்தி, மருத்துவ உதவி பெற வேண்டும்.

காற்றும் ஈரமும் குளிரைப் பெருக்குவன. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோல் உணரும் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கு நிகராகும். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் உடல் வியர்க்கும். ஓய்வின்போது அவ்வியர்வையே உடலைக் குளிர்விக்கும். நமக்குப் பழக்கமான பருத்தி உடை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், பனியில் உடலையொட்டி அணிய ஏற்றதன்று. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை உடை, நடுவே வெப்பம் காக்கும் உடை, வெளியே காற்றைத் தடுக்கும் உடை என மூன்று அடுக்காக அணிந்து, உழைக்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றி, நின்றதும் அணிந்துகொள்ள வேண்டும்.

மது உடலைச் சூடாக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியேற்றும்.

மூடிய அறையில் நெருப்பு: உயிருக்கு ஆபத்து

விடுதி அறைகளிலும் கூடாரங்களிலும் கரியடுப்பு, காங்கிரி எனப்படும் கணப்புச் சட்டி, எரிவாயு வெப்பமூட்டி ஆகியவற்றை எரியவிட்டு, கதவு சன்னல்களை அடைத்து உறங்குதல் கூடவே கூடாது. இவற்றிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குவோர் அறியாமலேயே உயிரிழக்க நேரிடும். ஒரே அறையில் இருப்போர் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் ஏற்பட்டால், அதை உயர்மலை நோய் என்று மட்டும் எண்ணிவிடாமல், அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவ உதவியை நாட வேண்டும்.

கண்ணும் தோலும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்களின் செறிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அக்கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. மேகமூட்டமான நாளிலும் கண்ணின் மேற்பரப்பு வெந்துபோகலாம். சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் கண்ணீரும் கடும் வலியும் தோன்றும். பக்கவாட்டையும் மறைக்கும் புறஊதாத் தடுப்புக் கண்ணாடியைக் குழந்தைகளும் அணிய வேண்டும். முகத்திலும் மோவாயின் அடியிலும் காப்புக் களிம்பு பூச வேண்டும். பாதிப்பு நேர்ந்தால் கண்ணைக் கசக்காமல் இருட்டறையில் ஓய்வெடுத்து, மருத்துவரை அணுக வேண்டும்.

பயணத்துக்கு முன் மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

• ஆஸ்துமா உள்ளவர்கள்: குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக உள்ளிழுப்பது மூச்சுக்குழாயைச் சுருக்கும். தேர்ந்த வீரர்களிடமும் இது பரவலாகக் காணப்படுகிறது. உள்ளிழு மருந்தை உட்சட்டைப் பையில் உடல் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.
• இரத்தசோகை உள்ளவர்கள்: தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. உயிர்வளி குறைந்த இடத்தில் இக்குறை மேலும் சோர்வூட்டும். பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே ஹீமோகுளோபின் அளவை அறிந்துகொண்டால், சரிசெய்யக் காலம் கிடைக்கும்.
• அரிவாளணு மரபுக்கூறு, பிறவி இதயக் குறைபாடு, வலிப்பு நோய், நீரிழிவு ஆகியவை உள்ளவர்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது.
• அண்மையில் மார்புச் சளி அல்லது காய்ச்சல் கண்ட குழந்தைகள், கைக்குழந்தைகள், கருவுற்றோர், இதய நோயுள்ள முதியோர்.

முதுகுப் பையில் சுமந்து செல்லப்படும் குழந்தையின் நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சறுக்கும் பெற்றோருக்கு வியர்க்கும். அசையாமல் இருக்கும் குழந்தையோ உறைந்துகொண்டிருக்கும்.

புதுச்சேரியிலேயே செய்யக்கூடிய ஆயத்தம்

• எட்டு வாரங்களுக்கு முன் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கடற்கரைச் சாலையில் அதிகாலையில் விரைநடையும் மெல்லோட்டமும் வாரத்தில் நான்கு நாள்கள் மேற்கொள்ளலாம்.
• நம் ஊரில் ஏற்றம் இல்லை என்பதால், மாடிப்படி ஏறி இறங்குதல் தொடைத் தசைக்கு ஏற்ற பயிற்சி.
• சக்கரக் காலணிப் பயிற்சி உடற்சமநிலையைப் பழக்கும்.
• புதிய காலணியை வீட்டிலேயே அணிந்து பழகினால் கொப்புளம் தவிர்க்கலாம்.
• குளிரில் தாகம் தோன்றாது. எனினும் உடல் நீரை இழக்கும். வேளைதோறும் வெதுவெதுப்பான நீர் அருந்தவும், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவற்றை இடையிடையே உண்ணவும் பழக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

பயிற்சியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சித் தலைவலியையும் விரல் மரத்துப்போனதையும் மறைக்கும் மாணவர்கள் உண்டு. செலவழித்த பணத்தை எண்ணிப் பெற்றோரும் தயங்குவதுண்டு. உடல்நிலையைச் சொல்வது தோல்வியன்று என்பதைப் புறப்படும் முன்பே பிள்ளையிடம் தெளிவாகக் கூறிவிட வேண்டும். ஒவ்வொரு காலையிலும் தலைவலி உண்டா, இரவு உறங்கினாயா, பசிக்கிறதா, விரல்களில் உணர்வு இருக்கிறதா என்னும் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்ல வழக்கம். பயிற்சி முகாமில் தனியே தங்கும் மாணவரிடம் தொலைபேசியிலும் இவற்றைக் கேட்கலாம்.

அவசர உதவி

இந்தியாவில் 112 அல்லது 108; பிரான்சில் 15 அல்லது 112 என்னும் எண்களை அழைக்கவும். ஊர் திரும்பிய பின்னும் இருமல், மூச்சுத்திணறல், விரல்களில் நிறமாற்றம் அல்லது மரத்துப்போதல் நீடித்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகி, சென்றுவந்த இடத்தையும் அதன் உயரத்தையும் தெரிவிக்கவும்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.