கேலும் ஏர்வாடியும்: மனநலம் குன்றியவர்களோடு ஊர் வாழ்வதற்கு என்ன வேண்டும்?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் எழுந்த விவாதம் பெரும்பாலும் மூடநம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான வழக்காகவே நடந்தது. மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் அவ்வூர்த் தர்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்: நேர்ச்சைக்காக வந்த மனநோயாளிகளை ஊருக்குள் தங்கவைக்கும் வழக்கம் எங்கு இருந்தாலும் இப்படித்தான் முடியுமா?

பெல்ஜியம் நாட்டின் கேல் நகரம் இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சான்று. அங்கும் தொடக்கம் ஒரு புனிதத் தலம்தான். தந்தையின் வெறிக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து ஓடிவந்து அங்கே கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இளவரசி டிம்ஃப்னா, மனநோயாளிகளின் காவல் புனிதராக வணங்கப்படுகிறாள். அவள் பெயரிலான தேவாலயத்தின் கட்டுமானம் 1349இல் தொடங்கியது. ஒன்பது நாள் வழிபாட்டுக்கு வந்தவர்கள் ஆலயத்தை ஒட்டிய நோயாளர் அறையில் தங்கினார்கள். அங்கே இடம் போதாமல் போனபோது ஊரார் வீடுகளில் தங்கினார்கள். சிலரை உறவினர் திரும்ப அழைத்துப் போகவில்லை. அவர்கள் அந்த வீடுகளிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டார்கள்; வயலிலும் அடுப்படியிலும் தம்மால் ஆன வேலையைச் செய்தார்கள். ஒரு வீட்டில் பெற்றோர் மூப்படைந்ததும் அவர்களோடு இருந்தவரைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். 1938இல் இப்படி நகரத்தார் வீடுகளில் வாழ்ந்தவர்கள் 3,700 பேருக்கு மேல்.

கேலைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இந்த இடத்தில் உருகி நின்றுவிடுகிறார்கள். அன்புள்ள ஊர், விரிந்த மனம் என்று சொல்லி முடித்துவிடுவது அந்த ஊருக்குச் செய்யும் நியாயம் அல்ல. கேலிலும் விலங்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே போன மருத்துவர்கள், காலில் தளை பூட்டப்பட்டவர்களைக் கண்டு எழுதினார்கள். உழைப்புச் சுரண்டல் நடக்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. 1850இல் பெல்ஜியம் மனநோயாளிகள் பற்றிய சட்டத்தை இயற்றியதும் மேற்பார்வை அரசின் கைக்கு வந்தது. நகரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தினார்கள். 1862இல் சிறு மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. நோய் முற்றினால் அங்கே சேர்த்து, தணிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்ப அனுப்பினார்கள். வீட்டாருக்குப் பராமரிப்புப் பணம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பொதுவாக ஒருவர், மிஞ்சினால் இருவர்.

என் வாதம் இந்தக் கடைசி விதியில்தான் நிற்கிறது. ஒரு வீட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால் அவர்கள் அந்த வீட்டு மனிதர்கள். ஒரே சாப்பாடு, ஒரே திண்ணை. நாற்பது பேர் ஆகிவிட்டால் அது வீடாக இருக்க முடியாது. அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசியாக வேண்டும், இரவில் காவல் போட்டாக வேண்டும், காவலுக்கு ஆள் குறைந்தால் சங்கிலி வரும். ஏர்வாடியில் நடந்தது இதுதான். போகலாம் என்ற உத்தரவு கனவில் வரும்வரை காத்திருக்க வந்தவர்களை உறவினர்கள் விடுதிக்காரர்களிடம் மாதப் பணத்துக்கு ஒப்படைத்தார்கள். எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டியவர் இல்லை. வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்த மருத்துவர் இல்லை. தர்காவில் மருந்தாகத் தரும் விளக்கின் எண்ணெயும் நீரும் யாரையும் கொல்லவில்லை. கொன்றது, மேற்பார்வையற்ற வியாபாரம். தீக்குப் பின் இந்த விடுதிகளை அரசு மூடி நூற்றுக்கணக்கானவர்களை அங்கிருந்து அகற்றியது. அவர்களில் பலர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பின்னாளில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. அது நல்ல திருத்தம். ஆனால் அவர்கள் எந்த வீட்டில் வாழ்வார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நம் சமூகத்தில் குடும்பமே பார்த்துக்கொள்கிறதே, பிறத்தியார் வீடு எதற்கு என்று கேட்பார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்பது உண்மை. குடும்பம் என்று நாம் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் ஒரு பெண், அதுவும் வயதான தாய். மாத்திரை கொடுப்பதும், இரவில் விழித்திருப்பதும், அக்கம்பக்கத்துப் பேச்சைத் தாங்குவதும் அவள்தான். "எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பா?" என்று புறநோயாளிப் பிரிவில் கேட்கும் தாய்க்குக் குடும்பப் பெருமை பதிலாகாது. ஒருவருடைய பாரத்தை ஊர் பங்கிட்டுக்கொள்ளும் வழி வேண்டும்.

அப்படி ஒரு வழி இங்கேயே உருவாகியிருக்கிறது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட பேன்யன் அமைப்பு, மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் நீண்ட காலம் இருந்துவிட்டவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துக் குடியமர்த்துகிறது. நாலைந்து பேர் ஒரு வீட்டில். தேவைக்கேற்ப உதவிக்கு ஆள். கடைக்குப் போவதும் சமைப்பதும் விருப்பம்போல் வேலை தேடுவதும் அவர்கள் பாடு. தமிழ்நாட்டுக்கு வெளியே கேரளத்திலும் அசாமிலும் இது நடக்கிறது. கேலில் குடும்பம் ஏற்றுக்கொண்டது. இங்கே தெரு ஏற்றுக்கொள்கிறது. சிறிய எண்ணிக்கை, அருகில் மருத்துவம், தொடர்ந்து வந்து பார்க்கும் கண் என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது.

இதைத் தொண்டு நிறுவனத்தின் கருணைக்கு விட்டுவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2007இல் இந்தியா ஏற்ற ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, சமூகத்தில் வாழ்வதை மாற்றுத்திறனாளிகளின் உரிமையாக்குகிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்வதோடு நில்லாமல், ஆதரவுடன் கூடிய குடியிருப்புகளை ஏற்படுத்துவதை அரசின் கடமையாக 18ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அப்படியானால் வாடகையும் உதவியாளர் ஊதியமும் மாவட்ட மனநலத் திட்டத்தின் நிரந்தரச் செலவாக வர வேண்டும். நன்கொடை வரும் ஆண்டில் வீடு, வராத ஆண்டில் வீதி என்று இருக்கக் கூடாது.

பணம் கொடுத்தால் மறுபடியும் வியாபாரம் ஆகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. கேல் பல தலைமுறைகளாகப் பணம் கொடுத்துதான் வந்திருக்கிறது. எண்ணிக்கை வரம்பும், முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் அதிகாரியும் இருந்தால் பணம் கெடுப்பதில்லை. கேல் சுருங்கியதும் வேறு காரணங்களால்: விவசாயம் இயந்திரமயமானது, பெண்கள் வெளியே வேலைக்குப் போனார்கள், மருந்துகள் பலரைத் தனியே வாழவைத்தன. வீட்டில் பகலெல்லாம் ஒரு பெண் இருப்பாள் என்று நம்பிக் கட்டிய ஏற்பாடு அந்தப் பெண் வெளியே போனதும் ஆட்டம் கண்டது. நாம் அதையே இங்கே நகலெடுத்தால் தாயின் தோளிலிருந்து இறக்கிய பாரத்தை இன்னொரு வீட்டுப் பெண்ணின் தோளில் ஏற்றுவோம். ஊதியத்துக்கு அமர்த்தும் உதவியாளர் தேவைப்படுவது அதனால்தான்.

கேலின் நெடிய வரலாற்றில் ஒன்று குறைவாகவே இருந்தது. எந்த வீடு, யாரோடு என்று அங்கே வாழப் போனவரிடம் கேட்டவர்கள் அரிது. பிறர் முடிவு செய்தார்கள். 19ஆம் உறுப்பு கேட்பது இந்தத் தெரிவைத்தான். ஆகவே இங்கே எழுதப்படும் குடியமர்வு உடன்பாடு எதிலும் முதல் கையெழுத்து அங்கே வாழப் போகிறவருடையதாக இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேறு வீடு கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குள்ள உரிமை அதில் அவருக்குப் புரியும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.