தூய்மைப் பணியாளரின் மணிக்கட்டில் மாநகராட்சியின் கண்

மாநகராட்சியின் தகவல் தொழில்நுட்பச் சேவை என்றதும் சொத்து வரியும் பிறப்புச் சான்றிதழுமே நினைவுக்கு வரும். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா மாநகராட்சிகளில் அது தூய்மைப் பணியாளரின் மணிக்கட்டிலும் ஏறியது. ஜிபிஎஸ் பொருத்திய கைக்கடிகாரம் அவர்களது இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பியது. வருகைப்பதிவும் அதன்வழியே கணக்கிடப்பட்டது. இப்பணியில் பெரும்பாலோர் தலித்துகள். சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் அவர்கள் எதிர்த்துப் போராடினர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது.

பணியாளரின் ஒவ்வோர் அடியையும் அளக்கும் இக்கருவி, அவருக்குக் கையுறை கிடைத்ததா, ஒப்பந்ததாரர் முழு ஊதியம் தந்தாரா என்பவற்றைப் பதிவதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசு அமைப்புகள் தம் திட்டங்களையும் செலவுகளையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. கடிகாரத்துக்கு எவ்வளவு, கையுறைக்கு எவ்வளவு எனக் கேட்க அதுவே வழி.