பித்தளைத் தகட்டில் ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிகளுக்கு, நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே பக்கம் தயாராகிவிடும். வரவு செலவுத் திட்டம், சூரிய கிரகணம், தேர் உற்சவம் எல்லாம் அந்த வகையின. விண்கல ஏவுதலும் அவ்வாறே. அன்று வாசகர் காண்பது பெரும்பாலும் திட்டத்தின் படமே தவிர, நடந்ததன் படம் அன்று. உண்மையில் நடந்தது வேறாக இருந்தால், சில நாள்களின் பின் உட்பக்கத்தின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் ஒரு திருத்தம் வரும். முதற்பக்கத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதனைப் படிப்பதில்லை.

இதே கதை பிளாஸ்டிக் மாதிரி விண்கலங்களின் வரலாற்றிலும் நிகழ்ந்திருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

சந்தையில் பெட்டிகளாக விற்கப்படும் மாதிரி விண்கலங்களை நீங்கள் கண்டிருக்கலாம். பகுதிபகுதியாக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ரெவெல், மொனோகிராம், ஏர்ஃபிக்ஸ் என்பன இத்துறையின் பழைய பெயர்கள். இப்பெட்டிகளை வாங்கியோர் அவற்றின் குறைகளைச் சரிசெய்வதற்கென்றே, வேறு சிறு பட்டறைகள் பித்தளையிலும் ரெசினிலும் நுண்ணிய துணைப் பாகங்களைச் செய்து விற்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முதியவர்களின் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இப்பாகங்கள் அழகுக்கான அணிகலன்கள் மட்டுமல்ல. அவற்றுள் பெரும்பங்கு வரலாற்றுத் திருத்தங்கள் என்பதே என் கருத்து.

பெட்டிகளின் கதை சந்திரப் பயணத்துக்கும் முந்தியது. 1955ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வெர்னர் ஃபொன் பிரௌன் தோன்றி விண்கல வரைவுகளை விளக்கினார். அந்தத் தொடரின் விண்கலங்களை ஸ்ட்ரோம்பெக்கர் நிறுவனம் அதே தசாப்தத்தில் மாதிரிகளாக விற்றது. அவற்றில் ஒன்றேனும் பறந்த கலம் அன்று. பெட்டிக்குள் இருந்தது முழுக்க முழுக்க எதிர்காலம். 1960களில் மெர்க்குரி, ஜெமினி, அப்பலோ கலங்கள் வந்தபோது அந்த வழக்கம் முற்றாக மாறவில்லை. கலம் பறக்கும் வாரத்தில் பெட்டி கடையில் இருக்க வேண்டுமானால், அச்சு வெட்டும் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கியாக வேண்டும். அப்போது கையில் இருப்பது வரைபடமும் சோதனைக் கலமுமே.

சற்றேர்ண் 5 ஏவுகணையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 363 அடி. 1966ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி புளோரிடாவில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வெளியே கொண்டுவரப்பட்ட சற்றேர்ண் 5 பறப்பதற்கானது அன்று. ஏவுதளக் கருவிகள் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட, 500எஃப் எனப்பட்ட பரிசோதனை வடிவம் அது. அதன் முதற்கட்டத்தில், இரு எரிபொருள் தாங்கிகளுக்கு இடையிலான பகுதியில் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தது. வெயிலில் அப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாவது தெரிந்ததால், பறந்த ஏவுகணைகளில் அவ்விடம் வெள்ளையாயிற்று. முதலாவது சற்றேர்ண் 5, அப்பலோ 4 என்ற பெயரில் 1967 நவம்பர் 9ஆம் திகதி பறந்தது. ஆனால் பல பெட்டிகளின் வர்ணக் குறிப்புகள் பரிசோதனை வடிவத்தையே பின்பற்றின. உலகெங்கும் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் நிற்கும் சற்றேர்ண் 5, சந்திரனுக்குச் சென்ற ஏவுகணையின் உருவம் அன்று. ஒருபோதும் பறக்காத ஒன்றின் உருவம் அது.

இதனினும் பாரதூரமானது விண்கலத்தின் கதை. அப்பலோ கலம் இரு வகைகளாகத் திட்டமிடப்பட்டது. முதல் வகை சந்திரத் தரைக்கலத்துடன் இணையும் வசதி இல்லாதது. இரண்டாம் வகைக்கே அந்த வசதி இருந்தது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி, ஏவுதளத்தில் ஒத்திகையின்போது முதல் வகைக் கலம் ஒன்றினுள் தீப்பற்றியது. கிரிஸம், வைற், சஃபீ ஆகிய மூவரும் உள்ளேயே மாண்டனர். உட்புறமாக அகற்ற வேண்டியிருந்த கதவை உரிய நேரத்தில் திறக்க முடியவில்லை. அதன்பின் கதவு வெளிப்புறமாக விரைந்து திறக்கும்படி மாற்றப்பட்டது. உள்ளே எரியக்கூடிய பொருள்கள் குறைக்கப்பட்டன. 1968 ஒக்டோபர் 11ஆம் திகதி அப்பலோ 7 மனிதரை ஏற்றிச் சென்றபோது, அது இரண்டாம் வகைக் கலம். முதல் வகைக் கலம் ஆளில்லாமல் சில தடவைகள் பறந்தது. மனிதரை ஏற்றிக்கொண்டு அது ஒரு தடவையேனும் விண்ணுக்குச் சென்றதில்லை.

ஆயினும் 1960களின் இறுதியில் வந்த ரெவெல் நிறுவனத்தின் 96இல் ஒரு பங்கு அளவிலான சற்றேர்ண் 5 பெட்டியில், உச்சியில் அமர்ந்திருப்பது முதல் வகைக் கலமே. கட்டி முடித்தால் ஒரு மீற்றருக்கும் மேல் உயரமான அந்த மாதிரி, பல தலைமுறைச் சிறுவர்களின் கனவாக இருந்தது. அதே வடிவம் பின்னரும் பல தடவை மறுவெளியீடு கண்டது. அப்பலோ 11இன் பெயரைத் தாங்கிய பெட்டிக்குள், மூவரின் உயிரைக் குடித்த வகைக் கலம் யாரும் அறியாமல் தங்கிவிட்டது.

ஏன் நிறுவனங்கள் திருத்தவில்லை? உருக்கு அச்சு வெட்டுவது பெருஞ்செலவான வேலை. ஒருமுறை வெட்டிய அச்சு பல தசாப்தங்களுக்கு உழைக்கும். வாங்குவோரில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கவனிப்பதுமில்லை. ஆகவே மேலட்டையின் படம் மாறுகிறது. உள்ளிருக்கும் தவறு அப்படியே நீடிக்கிறது. பழைய செய்தித் தொகுப்பிலிருந்து ஒரே பிழை திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

இங்குதான் சிறு பட்டறைக்காரர்கள் வருகிறார்கள். செக் நாட்டின் நியூ வெயர், அமெரிக்காவின் ரியல்ஸ்பேஸ் மொடல்ஸ் போன்றவை அப்பலோ கலத்தின் இரண்டாம் வகையை ரெசினில் வார்த்தளித்தன. அவர்களது முறை எளிமையானது. அதற்கு வேண்டிய பொறுமைதான் அரிது. முதலில் கையால் ஒரு மூலப்பாகம் செய்யப்படுகிறது. அதனைச் சுற்றி இறப்பர் போன்ற சிலிக்கன் ஊற்றி அச்சு எடுக்கப்படுகிறது. அந்த அச்சில் திரவ ரெசின் ஊற்றப்படுகிறது. காற்றுக்குமிழி தங்காதிருக்க, அழுத்தக் கலனோ வெற்றிடக் கலனோ பயன்படுகிறது. சிலிக்கன் அச்சு விரைவில் கிழிந்துபோகும். சில டசின் வார்ப்புகளுக்குப் பின் மீண்டும் புதிதாக எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்பனை என்பது இங்கே நினைத்துப் பார்க்க முடியாதது.

மெல்லிய பாகங்களுக்குப் பித்தளைத் தகடு. ஒளியுணர் பூச்சு பூசிய தகட்டின் மீது படச்சுருள் வைத்து ஒளி பாய்ச்சி, ஃபெரிக் குளோரைட் கரைசலில் இட்டால், காக்கப்படாத பகுதி அரித்துப்போகும். பத்திரிகைகளுக்குப் படக்கட்டை செய்த பழைய தொழிலின் நெருங்கிய உறவு இது. இதன் தேவையை ஒரு கணக்கே உணர்த்தும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் சட்டம், 96இல் ஒரு பங்கு மாதிரியில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தடித்த குழாய்க்குச் சமன். பித்தளையில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் வரை இறங்கலாம். அது உண்மையில் ஒரு சென்ரிமீற்றர். கைப்பிடியும் உணர்கொம்பும் அப்போதுதான் நம்பத்தகுந்த உருவம் பெறுகின்றன. அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியும் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் இவர்களது உண்மையான உழைப்பு பட்டறையில் நடப்பதன்று. அது சான்றுகளைத் தேடுவதில் நடப்பது. சந்திரத் தரைக்கலத்தின் கால்களில், தரை தட்டுவதை அறிவிக்கும் சுமார் 1.7 மீற்றர் நீளமான உணர்கோல்கள் தொங்கின. ஏணி இருந்த காலிலுள்ள கோல் இறங்குபவருக்கு இடையூறாகலாம் என்பதால், அப்பலோ 11 முதல் அது அகற்றப்பட்டது. ஆகவே அப்பலோ 9க்கு நான்கு, அப்பலோ 11க்கு மூன்று. கம்பித்துண்டு ஒன்றைப் பொருத்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குக்கூட எந்தப் பயணம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குச் சென்று பார்த்தால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். அதுவும் முழுச் சான்றன்று. எஞ்சியுள்ள சற்றேர்ண் 5கள் ஹன்ற்ஸ்வில், ஹூஸ்ரன், கென்னடி விண்வெளி மையம் ஆகிய மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றின் எஃப்-1 எந்திரங்கள் வெறும் உலோகமாகக் காட்சி தருகின்றன. பறந்தபோதோ அவை வெப்பக்காப்புப் போர்வையால் மூடப்பட்டிருந்தன. ஆகையால் ஏவுதளத்துப் புகைப்படங்களே தீர்ப்பு வழங்க வேண்டும். 2015ஆம் ஆண்டு அப்பலோ பயணங்களின் 8,400க்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இணையத்தில் உயர்தரத்தில் வெளியானமை இத்துறைக்குக் கிடைத்த பெருங்கொடை.

இக்கதையில் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் இங்கே வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், ஸ்ரான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய விண்வெளித் திரைப்படம் 1968இல் வெளிவந்தது. அதில் வந்த கலங்களின் மேற்பரப்பை நிரப்ப, கலைஞர்கள் கடையில் விற்ற மாதிரிப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் பாகங்களை ஒட்டினார்கள். உண்மையைப் பார்த்துப் பாகம் செய்யும் இன்றைய பட்டறைக்காரனுக்கு நேரெதிரான வேலை அது. படம் முடிந்தபின் அந்தக் கலங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. சந்திரனில் இறங்கும் ஏரீஸ் கலம் மட்டும் வெளிப்பட்டு, 2015 மார்ச்சில் 344,000 டொலருக்கு ஏலம் போனது. மற்றவற்றைப் பற்றி அறிய, எஞ்சிய புகைப்படங்களும் அவற்றைக் கூர்ந்து நோக்கியவர்களின் உழைப்புமே கதி.

1969 ஜூலை 21ஆம் திகதி காலை, இலங்கை நேரம் 8.26 மணியளவில் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் கால் பதித்தபோது, இந்நாட்டில் தொலைக்காட்சி கிடையாது. அது வர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. வானொலியும் பத்திரிகையுமே எங்கள் கண்கள். என் தலைமுறையினர் மனத்தில் பதித்துக்கொண்ட அப்பலோ, அன்று அச்சான வரைபட அப்பலோதான். அதனால்தானோ என்னவோ, அரை அங்குலப் பித்தளைத் துண்டுக்காகப் பழைய படங்களை உருப்பெருக்கிப் பார்ப்பவர்களின் மீது எனக்கு மரியாதை பிறக்கிறது.

இப்பட்டறைகளில் அனேகமானவை ஒருவர் அல்லது இருவர் நடத்துபவை. அவர் ஓய்வு பெற்றால் மூலப்பாகமும், அதன் பின்னால் இருந்த ஆராய்ச்சியும் அவருடனேயே போய்விடும் அபாயம் உண்டு. உருக்கு அச்சோ நிலைத்திருக்கும். தவறு நீடிப்பதற்கும் திருத்தம் மறைவதற்கும் காரணம் ஒன்றே. ஒன்றுக்குப் பின்னால் முதலீடு இருக்கிறது. மற்றதற்குப் பின்னால் ஒரு மனிதர் மட்டுமே இருக்கிறார்.

இதனை நான் எழுதும் பல்லேகமப் பகுதியில் களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகர் இடம்பெயர நேர்ந்தது. பின்னர் புதிய நகரம் திறக்கப்பட்டது. புதிய நகரின் திட்ட வரைபடம் அலுவலகங்களில் பத்திரமாக இருக்கும். பழைய கடைத்தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எது இருந்தது என்பது, அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதனை யாராவது அளவோடு செய்து வைத்தால், அதுவும் ஒரு மாதிரிதான். திட்டமிட்டதைக் காக்க அரசுகளும் நிறுவனங்களும் உள்ளன. உண்மையில் இருந்ததைக் காப்பது, எந்தக் காலத்திலும் சிலரது தனிப்பட்ட பிடிவாதத்தையே நம்பியிருக்கிறது.