லிவிங்ஸ்டன் தெரு, எண் 110

1968, மே 9. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 19 பேர் கைக்கு ஆளுக்கொரு கடிதம் வந்தது. அதில் 13 பேர் ஆசிரியர்கள், மற்றவர்கள் தலைமை ஆசிரியர், உதவித் தலைமை ஆசிரியர்கள். விஷயம் சுருக்கம். 'இந்த வட்டாரத்தில் உங்கள் சேவை முடிந்தது. வேறு வேலை ஒதுக்கீட்டுக்கு லிவிங்ஸ்டன் தெரு, எண் 110-க்குப் போய்ப் பாருங்கள்!'

எண் 110 என்பது நியூயார்க் கல்வி வாரியத்தின் தலைமை அலுவலகம். நகரத்தில் சுமார் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகள். யார் எங்கே ஹெட்மாஸ்டர் என்பதில் ஆரம்பித்து எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில்தான் முடிவாகும். ஃபைல் உள்ளே போனால் போனதுதான். 'லிவிங்ஸ்டன் தெரு' என்றாலே 'சிவப்பு நாடா' என்று அர்த்தம் என்கிற அளவுக்குப் பேர்!

கடிதம் அனுப்பியது அந்தக் கட்டடம் இல்லை. ஓஷன் ஹில் - பிரவுன்ஸ்வில் என்கிற ஏழைப் பேட்டையின் உள்ளூர் கல்விக் குழு. அதுதான் வம்பு.

பிரவுன்ஸ்வில் ஒரு காலத்தில் யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் கொஞ்சம் வசதியாகி வெளியேற, கறுப்பர்களும் பியூர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறவில்லை. பெரும்பாலும் வெள்ளையர்கள், அதிலும் பெரும்பங்கு யூதர்கள். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது தப்பு என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே? நியூயார்க்கில் அதற்குப் பலன் பூஜ்யம். 1964 பிப்ரவரியில் பேயார்ட் ரஸ்டின் என்ற கறுப்பினத் தலைவரின் ஏற்பாட்டில் நாலரை லட்சம் பிள்ளைகள் ஒரு நாள் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அப்போதும் லிவிங்ஸ்டன் தெரு அசையவில்லை.

பெற்றோர் வெறுத்துப்போனார்கள். 'வெள்ளைப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளையைச் சேர்க்க மாட்டீர்களா? சரி, எங்கள் பள்ளியை எங்களிடமே விடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!'

மேயர் ஜான் லிண்ட்சேவுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் தந்தது. 1967-ல் மூன்று இடங்களில் பரிசோதனை ஆரம்பம். ஓஷன் ஹில்லில் எட்டுப் பள்ளிகள். பெற்றோர் ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகியாக ரோடி மெக்காய் என்ற கறுப்பினக் கல்வியாளர் வந்தார். குழு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது... அதிகாரம்? ஆசிரியரை மாற்றலாமா, பணத்தைச் செலவழிக்கலாமா என்பதைத் தெளிவாக எழுத்தில் கொடுக்கவே இல்லை! கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும். இதில் அதிகாரிகள் எங்கேயும் கெட்டிக்காரர்கள்தான்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த குழு, 'இருக்கிறதா இல்லையா, பார்த்துவிடலாம்' என்று அனுப்பியதுதான் அந்த 19 கடிதங்கள்.

ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் கொதித்தார். இவர் கறுப்பர்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் செல்மா ஊர்வலத்தில் நடந்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: 'குற்றச்சாட்டு என்ன? விசாரணை எங்கே?' மெக்காய் தரப்பு, 'வேலையைப் பறிக்கவில்லையே, இடமாற்றம்தானே! லிவிங்ஸ்டன் தெரு தினமும் செய்வதுதானே!' என்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை முற்றியது.

ஆசிரியர்கள் திரும்பி வந்தபோது பெற்றோர் வாசலில் நின்று மறித்தார்கள். போலீஸ் வந்தது. சங்கத்தைச் சேர்ந்த சுமார் 350 பேர் வெளியே போனார்கள். புகார்களை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி பிரான்சிஸ் ரிவர்ஸ் - அவரும் கறுப்பர்தான் - ஆதாரம் போதாது என்று பத்து ஆசிரியர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார். குழு கேட்கவில்லை.

செப்டம்பரில் நகரம் முழுக்க ஸ்டிரைக். ஒன்றல்ல, மூன்று. நவம்பர் நடுப்பகுதி வரை மொத்தம் 36 பள்ளி நாட்கள் போச்சு! பூட்டிய பள்ளிகளைச் சில இடங்களில் பெற்றோரே உடைத்துத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்த ஊரால் ஸ்டிரைக்கோ அந்த ஓஷன் ஹில்லில் பள்ளிகள் நடந்தன. குழு புதிதாக எடுத்த இளைஞர்களை வைத்துப் பாடம் நடந்தது. அவர்களிலும் கணிசமானோர் வெள்ளையர்கள், யூதர்கள்!

ஆனால், வெளியே அது எடுபடவில்லை. யூதர்களைத் திட்டி யாரோ எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. சங்கம் அதையே லட்சக்கணக்கில் அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்தது. பள்ளிச் சண்டை கறுப்பர் - யூதர் சண்டையாகிவிட்டது. அதுவரை சிவில் உரிமைப் போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். 1964 புறக்கணிப்பை நடத்திய ரஸ்டின் இந்தமுறை ஷாங்கர் பக்கம். சொந்த மக்களிடமே திட்டு வாங்கினார். ஷாங்கருக்கும் அந்தப் பேர் போகவே இல்லை. 1973-ல் வந்த உட்டி ஆலனின் 'ஸ்லீப்பர்' படத்தில் உலகம் அழிந்ததற்குக் காரணம், ஷாங்கர் கையில் அணுகுண்டு கிடைத்ததுதானாம்!

ஸ்டிரைக் முடிந்தது. ஆசிரியர்கள் திரும்பினார்கள், குழுவின் தலைக்கு மேல் மாநில அரசு ஆளைப் போட்டது. 1969-ல் புதுச் சட்டம். நகரம் முழுக்க வட்டாரக் கல்வி வாரியங்கள், கடைசியில் எண்ணிக்கை 32. ஓஷன் ஹில் பெரிய வட்டாரத்தில் கரைந்துபோனது. உயர்நிலைப் பள்ளிகளை மட்டும் லிவிங்ஸ்டன் தெரு விடவில்லை.

நல்ல அம்சமும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம். ஆனால், ஓட்டுப் போடத்தான் ஆள் இல்லை! பத்துப் பேரில் ஒருவர் வருவதே பெரிசு என்றானது. அப்புறம் யார் ஜெயிப்பார்கள்? ஆளைத் திரட்டி வருகிறவர்கள். கட்சிக்காரர்கள், சர்ச்காரர்கள், கடைசியில் ஆசிரியர் சங்கமே! பல வட்டாரங்களில் வேலை நியமனம் 'நம்ம ஆளு' கணக்கில் நடந்தது. எல்லா இடமும் அப்படியில்லை. கிழக்கு ஹார்லெமின் நாலாம் வட்டாரம் 1974-ல் டெபோரா மையருக்குச் சின்னதாக ஒரு பள்ளி நடத்த இடம் கொடுத்தது. அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஏழை வட்டாரத்தில் பெற்றோர் தாங்களே பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். லிவிங்ஸ்டன் தெருவைக் கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்.

1996-ல் வாரியங்களின் நியமன அதிகாரம் பறிபோனது. 2002-ல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பள்ளிகளை மொத்தமாகத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 32 வாரியங்களும் கலைக்கப்பட்டு, 2004-ல் ஆலோசனை சொல்லும் பெற்றோர் கவுன்சில்கள் வந்தன.

கல்வித் துறை மேயர் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோனது. எண் 110-ஐ 2003-ல் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்த 19 பேரைப் போய்ப் பார்க்கச் சொன்ன முகவரியில் இப்போது இருப்பவை சொகுசு ஃபிளாட்கள்.